நூலில் ஒரு மோட்டார் சைக்கிள்

போன வாரம் கல்முனை பஸாருக்கு நூல் வாங்கப் போயிருந்தேன். தலையணை உறை தைக்கக் கொஞ்சம் வெள்ளை நூல் – வேறொன்றுமில்லை. கடைக்காரர் நூற்கட்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஓர் இளைஞர் தொண்டையைச் செருமினார். இஸ்திரி போட்ட ஷர்ட், புதுச் செருப்பு, முகத்தில் பயபக்தி.

"டீச்சர், நீங்கதானே நூல் மாப்பிள்ளைட ராத்தா?"

ஓம், அக்காதான் என்றேன். மறுத்துப் பயனில்லை. கணக்கு டீச்சர் என்றோ, வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவள் என்றோ இந்தப் பக்கத்தில் யாரும் என்னை அடையாளம் சொல்வதில்லை.

"ஒரு மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு நூல் போகும் டீச்சர்?"

கடைக்காரர் சிரிக்கவில்லை. சுற்றுவதை நிறுத்திவிட்டு அவரும் என்னைப் பார்த்தார். எவ்வளவு ஸ்டாக் வைப்பது என்று அவருக்கும் தெரிய வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

என் தம்பி ரஷீத் கல்முனையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். கொழும்புக்குப் போய்க் கொஞ்ச காலம் சித்திரம் படித்தான். போகும்போது ஒரு ட்ரங்குப் பெட்டியோடு போனான். வரும்போது அதே பெட்டி, ஒரு தாடி, ஓர் அபிப்பிராயம். படம் என்பது சுவரில் மாட்டுவதல்ல என்பதுதான் அந்த அபிப்பிராயம்.

கொழும்பில் யாரோ ஒருவர் தன் வீட்டுக் கராஜிலிருந்து காரை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே உடைந்த குடைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாராம். பார்க்க வருகிறவர்கள் குனிந்து குனிந்துதான் போக வேண்டுமாம். அதுவும் கலையாம். காரை என்ன செய்தார் என்று கேட்டேன். தெருவில் மழையில் நின்றதாம்.

"இடம்தான் ராத்தா படம்," என்றான் ரஷீத். "புதுசா ஒண்டும் வாங்கத் தேவையில்ல. கையில கிடக்கிறத வச்சே செய்யலாம்."

கையில் கிடக்கிறதை வைத்துச் செய்வது என்ற பகுதி எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் சமையலும் அப்படித்தான் நடக்கிறது.

இந்த நேரத்தில்தான் அவனுக்குக் கலியாணம் பேசினோம். பெண் மருதமுனை. பெயர் ஜெஸீமா. அவளுடைய வாப்பா உதுமாலெவ்வை மாமா, வீட்டுக்குப் பின்னால் தறிகள் வைத்துச் இடுப்பில் கட்டும் சாரன் நெய்து விற்கிறவர். ஜெஸீமாவும் தறியில் உட்காருவாள். சவளக்கடையில் அவர்களுக்கு ஒரு துண்டு வயல் இருக்கிறது. தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும், அந்த வயல் நெல்லில்தான் வருஷம் முழுக்க அந்த வீட்டில் உலை கொதிக்கும். ஜெஸீமாவுக்குக் கீழே கலியாணத்துக்கு இன்னொரு மகளும் இருக்கிறாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பா கட்டிக் கொடுக்க வேண்டும். அதை யாரும் பெரிதாகச் சீதனம் என்று பேசுவதில்லை. வெயில், மழை மாதிரி அது தானாக வர வேண்டியது. சீதனப் பேச்சு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

ஆரம்பிக்கும் என்றால்... யாரும் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். நாங்கள் பண்பாடு உள்ளவர்கள். "எங்களுக்கு ஒண்டும் வேணாம், பொண்ணத் தந்தாப் போதும்" என்பதுதான் முதல் வசனம். அதைக் கேட்டதும் பெண்ணின் வாப்பாவுக்கு வியர்க்கத் தொடங்கும். அடுத்த வசனம் என்ன என்று அவருக்குத் தெரியாதே!

என் கலியாணத்தில் என் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஒன்றும் வேண்டாம் என்றார். ஒரு கிளாஸ் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, "இந்த ஊர்ல வெக்கை கொஞ்சம் கூடத்தான்" என்றார். அவ்வளவுதான். மறுநாளே வாப்பா பஸாருக்குப் போய் ஒரு ஃபேன் வாங்கி வந்தார். அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துதான் இந்தப் பத்தியை எழுதுகிறேன். நன்றாகவே சுற்றுகிறது.

எனக்குக் கலை தெரியாது. ஆனால் இந்த மொழி தெரியும்.

ரஷீத் விஷயம் வேறு. அவன் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஒன்றும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். பெண் வீட்டில் தண்ணீர்கூடக் கேட்கக் கூடாது என்று உம்மாவிடம் வாக்கு வாங்கியிருந்தான். உம்மாவும் வாக்கைக் காப்பாற்றினார். பெண் பார்க்கப் போன அன்று தாகத்தோடேயே திரும்பி வந்து, எங்கள் கிணற்றடியில் வைத்துக் குடித்தார்.

சூறாவளி பழைய வீட்டின் கூரையைக் கொண்டுபோன பிறகு, உதுமாலெவ்வை மாமா அதே வளவுக்குள் மகளுக்கென்று புது வீடு கட்டத் தொடங்கியிருந்தார். சுவர் எழும்பி, ஓடும் போட்டாயிற்று. கதவு, ஜன்னல் இல்லை. தரைக்குச் சீமெந்து இல்லை. கடற்காற்று ஒரு வாசலால் வந்து மறு வாசலால் போகும். அந்த வெறும் வீட்டைப் பார்த்ததிலிருந்து ரஷீதுக்கு நித்திரை போய்விட்டது.

மேசன்மார் வராத நாட்களில் அந்த வீட்டைத் தர முடியுமா, ஒரு வேலை செய்ய வேண்டும் என்று மாமாவிடமே போய்க் கேட்டான். தறியில் மிஞ்சும் கழிவு நூலும் கொஞ்சம் வேண்டும் என்றான். அவர் ஓம் என்றார். வாசலில் பெயர் எழுதப் போகிறான் என்று நினைத்தாராம். பெயர் எழுத நூல் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் யார் கேள்வி கேட்பார்கள்?

வேலை முடிந்ததும் முதலில் என்னைத்தான் கூட்டிப்போய்க் காட்டினான்.

உள்ளே போனேன். கூரை மரங்களிலிருந்து நூல் இறங்கி, அறைக்குள் ஒரு கட்டில் நின்றது. நிஜக் கட்டிலின் அளவு. நாலு கால், தலைமாட்டில் ஒரு வளைவு... எல்லாம் நூல் கோடுகள், நடுவில் வெறும் காற்று. பக்கத்தில் அலுமாரி. ஜன்னலுக்கு விட்ட இடத்தருகே தையல் மெஷின். மேலே ஃபேன். நூல் மேசையில் கசட் போடும் றேடியோ. முன் மண்டபத்தில், வாசலைப் பார்த்தபடி ஒரு மோட்டார் சைக்கிள். நூல் விறைப்பாக நிற்க வேண்டுமென்று, சாய்ந்தமருதில் மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கி வந்து அடியில் கட்டியிருந்தான். காற்று வீசியபோது வீட்டுச் சாமான் முழுதும் ஒரே நேரத்தில் மெல்ல அசைந்தது.

அழகாக இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். சிவப்பும் பச்சையும் நீலமுமாய், சாரனில் பார்த்துப் பழகிய நிறங்கள். அவற்றுக்கு நடுவே நடந்தபோது இந்தத் தடியனா இதைச் செய்தான் என்று பெருமையாகவும் இருந்தது.

வீட்டுக்குள் நாம் வாங்கி நிரப்புகிற சாமானுக்கெல்லாம் உண்மையில் பாரமே இல்லை என்று காட்டுகிறானாம்.

"நல்லா இரிக்கி," என்றேன். "இப்பவே கழட்டு."

பெண்ணின் வாப்பா இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று கேட்டேன். என்ன நினைப்பது என்பது பார்க்கிறவரின் சுதந்திரம் என்றான். கொழும்பில் அதையும் படித்திருக்கிறான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உதுமாலெவ்வை மாமாவும் அவருடைய மச்சான்மாரும் பார்க்க வந்தார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சாமானாகச் சுற்றி வந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் மாமா நெடுநேரம் நின்றார். இது இரட்டைக் கட்டில்தானே என்று மட்டும் கேட்டார். ஓம் என்றான் ரஷீத். ஒரு மச்சான் அலுமாரியின் அகலத்தைச் சாண் போட்டுப் பார்த்தார். இன்னொருவர் மோட்டார் சைக்கிளின் முன்னால் குந்தி, டாங்கியின் வடிவத்தைப் பார்த்து, இது என்ன கம்பெனி வண்டி என்று பணிவாக விசாரித்தார்.

ரஷீதுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொழும்பில்கூட ஒரு படைப்பை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லையாம்.

கலை விளங்காதவர்கள் என்று எங்கள் பக்கத்து ஆட்களை யாரும் குறை சொல்ல முடியாது. அளவுக்கு மிஞ்சி விளங்கியதுதான் இங்கே பிரச்சினை.

இரண்டொரு நாளில் விஷயம் கல்முனை வரைக்கும் வந்துவிட்டது. எல்லாரும் ரஷீதைப் புகழ்ந்தார்கள். எத்தனையோ மாப்பிள்ளைமார் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். நூல் விட்டுப் பார்ப்பது ஒன்றும் புதிதில்லை. ஆனால் வாயே திறக்காமல், தரகரை அனுப்பாமல், அளவு பிசகாமல், நிறம் உட்பட... இவ்வளவு பண்பாக யாரும் கேட்டதில்லையாம். அந்த நூல்கூட மாமனார் வீட்டு நூல்தான் என்று தெரிந்தபோது மரியாதை இன்னும் கூடியது.

ரஷீதுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் அலுமாரியைக் கழற்றினான். உடனே உதுமாலெவ்வை மாமா மர வேலை செய்யும் ஓடாவியாரைக் கூப்பிட்டு, அலுமாரிக்குக் கண்ணாடி வைக்கச் சொன்னாராம். மாப்பிள்ளைக்குச் சாதாரண அலுமாரி பிடிக்கவில்லை, அதனால்தான் எடுத்துவிட்டார் என்று அவர் விளங்கிக்கொண்டார்.

பிறகு ரஷீத் ஒரு பலகையில் தன் திறமையெல்லாம் காட்டி எழுதி வாசலில் வைத்தான்: "இது கலை. இங்கு எதுவும் கேட்கப்படவில்லை."

அதோடு எல்லாருக்கும் இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. கேட்காதவன் எதற்காகக் கேட்கவில்லை என்று போர்ட் எழுதி வைக்கிறான்?

இதுவரைக்கும் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சிரிப்பு நின்றது உம்மா கொண்டுவந்த செய்தியில். சவளக்கடை வயலைப் பார்க்க நாவிதன்வெளியிலிருந்து ஆள் வந்து போயிருக்கிறார். உதுமாலெவ்வை மாமா வயலை விற்கப் போகிறார்.

"நாம கேக்கலியே," என்றார் உம்மா. குரலில் வருத்தம் இருந்தது. கண்ணில் மோட்டார் சைக்கிள் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. உம்மா மீது, ரஷீத் மீது, அந்தக் கொழும்புக் குடைக்காரர் மீது. ஒரு வீடு சோறு தின்னுகிற வயலை ஒருவன் கழிவு நூலால் விற்க வைத்துவிட்டானே! முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அன்றே பஸ் ஏறி மருதமுனைக்குப் போனேன்.

உதுமாலெவ்வை மாமா தறிக் கொட்டிலில் இருந்தார். கதிரை போடச் சொன்னார். தேத்தண்ணி வரவழைத்தார். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன். தம்பி எதையும் கேட்கவில்லை, அவனுக்கு எதுவும் வேண்டாம், எங்கள் வீட்டில் யாருக்கும் வேண்டாம், வயலை விற்க வேண்டாம் என்றேன்.

அவர் என்னைப் பாசமாகப் பார்த்தார்.

"மாப்பிள்ளை கேட்டாரெண்டு நான் சொன்னனா புள்ள? அவர் தங்கம். என்ட மகளுக்கு நான் குடுக்கன்."

வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, நாங்கள் எவ்வளவு மரியாதையான குடும்பம் என்று அவர் மெச்சிக்கொண்டே போனார். வேண்டாம் என்ற சொல்லை வைத்தே தலைமுறை தலைமுறையாக வாங்கிவிட்டோம். இப்போது நிஜமாக வேண்டாம் என்று சொல்ல எங்களிடம் ஒரு சொல் இல்லை! தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுகை வராமல் இருக்கப் பாடுபட்டேன். குடிக்கவும் பயம். குடித்துவிட்டு நான் என்ன சொன்னாலும் அதற்கு ஒரு சாமான் வந்து சேரும்.

கொட்டிலின் மறுபக்கத்தில் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. ஜெஸீமா எழும்பி வந்தாள்.

"மதினி, அவர் மெய்யாவே ஒண்டும் கேக்கலியா?"

இல்லை என்றேன்.

"அப்ப என்னத்தத் தொங்கவிட்டிருக்கார்?"

"கலையாம்," என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் கையில் ஒட்டியிருந்த நூல் துணுக்கைப் பிடுங்கிக்கொண்டே தகப்பனிடம் சொன்னாள்:

"வாப்பா, அவர் நூல்லதானே கேட்டார். நாமளும் நூல்லயே குடுப்பம்."

உதுமாலெவ்வை மாமா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் வழக்கத்தில் எந்த மூலையிலும் இதற்குத் தடை இல்லை என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கேட்ட சாமான், கேட்ட அளவு, கேட்ட நிறம். ஒன்றும் குறையவில்லை. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கோவிச்சா, கேட்டிருக்கார் எண்டு அர்த்தம். அப்படிப்பட்டவர் எனக்கு வேணாம் வாப்பா."

சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். ஆறியிருந்தது. அவ்வளவு ருசியான தேத்தண்ணியை அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

வயல் விற்பனை நின்றது. ஆனால் மாமா ஒரு நிபந்தனை வைத்தார். மாப்பிள்ளை காதில் யாரும் எதையும் போடக் கூடாது. அவர் முகத்தைக் கலியாணத்தன்று நேரிலே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட நாளிலிருந்து எனக்கும் நித்திரை இல்லை. தம்பியை எனக்குத் தெரியும்தான். ஆனால் மாப்பிள்ளையானதும் மனுஷர் மாறுவதையும் பார்த்திருக்கிறேனே!

கலியாண நாள் வந்தது. நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். இப்போது கதவு இருந்தது, தரையும் இருந்தது. உள்ளே... அதே நூல் சாமான்கள். அழுக்கு நூலையெல்லாம் கழற்றிவிட்டு, புதிதாகச் சாயம் போட்ட நூலில் ஜெஸீமா திரும்பக் கட்டியிருந்தாள். ரஷீத் கழற்றிய அலுமாரியும் வந்திருந்தது. தட்டுகளை மட்டும் வலை போல நெருக்கமாகப் பின்னி, கதவில் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளிச் சரிகை வைத்திருந்தாள். ஓடாவியாரிடம் சொன்ன கண்ணாடியையும் அவள் விடவில்லை.

கட்டில் மட்டும் நிஜம். அதற்குக் கீழேயும் மேலேயும் நூல் இல்லை. பெண்ணுக்குப் புத்தி இருக்கிறது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

இரண்டு பக்கத்து ஆட்களும் ரஷீதின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உதுமாலெவ்வை மாமாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது; ஏதோ ஓதினார். ரஷீத் அலுமாரியைப் பார்த்தான். ஃபேனைப் பார்த்தான். முன் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

ஜெஸீமா மணவறையிலிருந்து தலையை நிமிர்த்திவிட்டாள். மணப்பெண் அப்படி நிமிர்ந்து பார்ப்பது வழக்கமில்லை.

"மோட்டார் சைக்கிள் எங்க?" என்றான் ரஷீத்.

உதுமாலெவ்வை மாமா பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். யாரோ ஒருவர், குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றார்.

"குசினிக்குள்ளயா? அத வாசலப் பாத்து வச்சிருந்தன். கடக்காத்து நேர படுற இடம். ஆரக் கேட்டு மாத்தின? இடத்த மாத்தினா எல்லாம் போச்சே..."

நிஜமாகவே கோபம். வண்டி இல்லையென்று அல்ல, நூல் இடம் மாறியதென்று! எனக்குச் சந்தோஷம்.

"மழைக்கு நனைஞ்சிரும்," என்றாள் ஜெஸீமா, முக்காட்டுக்குள்ளிருந்து.

முதலில் சிரித்தவர் உதுமாலெவ்வை மாமா. பிறகு வீடே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் ரஷீத் குசினிக்குள் போய் மோட்டார் சைக்கிளைக் கழற்றத் தொடங்கினான். கலியாண உடுப்போடு ஏணியில் ஏறிய மாப்பிள்ளையை அன்றைக்குத்தான் மருதமுனை பார்த்தது.

ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும் சகன் சோறு அன்றைக்குச் சவளக்கடை நெல்லில் ஆக்கியது. உம்மா நூல் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டே சாப்பிட்டார். இந்த ஊரில் வெக்கை கூடத்தான் என்று இரண்டு தரம் சொன்னார். எல்லாரும் மேலே பார்த்து, ஓம் என்றார்கள்.

இப்போதும் அந்தச் சாமான்கள் அங்கே இருக்கின்றன. அலுமாரியில் பிள்ளையின் சட்டைகள் கிடக்கின்றன. தாங்குகிறது. ரஷீத் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறான். வாசலில் மோட்டார் சைக்கிள் ஆடிக்கொண்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

ஆனால் கதை பரவும்போது பாதிதான் பரவும். மருதமுனையிலிருந்து கிளம்பிய கதை, வாயைத் திறக்காமல் கேட்பதற்கு ஒரு நாகரிகமான வழி என்ற அளவில் மற்ற ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நூல்கடைக்காரருக்கு அது நல்ல வியாபாரம்.

அந்த இளைஞர் இன்னும் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். பார்த்தால் கெட்ட பிள்ளையாகத் தெரியவில்லை. பெண் எந்த ஊர் என்று கேட்டேன்.

"மருதமுனை, டீச்சர்," என்றார் வெட்கத்தோடு. "தறிக்காரர்ட வீடு."

என் வெள்ளை நூலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"அப்ப நீங்க நூல் வாங்கத் தேவையில்ல தம்பி. வண்டிய அவங்களே நூல்ல தருவாங்க."